ஸ்பிட்ஃபயர் மாடலில் நிறம் உறுத்துகிறதா? அறிகுறியைப் பார்த்துத் திருத்தும் வழி

மாடலை முடித்து, மேட் வார்னிஷும் அடித்து, ஜன்னலோரம் வைத்துப் பார்க்கும்போதுதான் உறுத்தும்: என்னமோ சரியில்லை. பச்சை கூடிவிட்டதா, சாம்பல் நீலமடிக்கிறதா, வட்டச் சின்னம் பெருத்துவிட்டதா என்று பிடிபடாது. கை தானாக அடுத்த பெயின்ட் குப்பிக்குப் போகும். கொஞ்சம் பொறுங்கள். இப்படி உறுத்தும் மாடல்களில் பாதிக்கு மேல் பெயின்ட் சரியாகவே இருக்கும், தேதிதான் தப்பியிருக்கும். ஒரே விமானத்தில் 1940-இன் பழுப்பு, 1941-இன் வால்பட்டை, 1942-இன் வட்டம் என்று மூன்று காலம் கலந்திருந்தால் எந்த நிறுவனத்துப் பெயின்டாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

கீழே சொல்வதெல்லாம் 1939 முதல் 1945 வரை பிரிட்டிஷ் விமானப்படையின் ஒற்றை எஞ்சின் போர் விமானங்களுக்கு, முக்கியமாக ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் இரண்டுக்கும். அளவுகள் 1/48 மாடலுக்கு. 1/72 செய்பவர்கள் மூன்றில் இரண்டு பங்கு எடுத்துக்கொள்ளுங்கள், 1/32 செய்பவர்கள் ஒன்றரை மடங்கு. நிஜ விமானத்தின் ஓர் அங்குலம் 1/48-இல் 0.53 மி.மீ. இந்த ஓர் எண்ணை மேசையில் எழுதி ஒட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எல்லா நிறமும் தனித்தனியாகச் சரி, சேர்த்துப் பார்த்தால் தப்பு

முதலில் மாதத்தைப் பிடியுங்கள். போர் தொடங்கியதிலிருந்து 1941 ஆகஸ்ட் நடு வரை மேல்பக்கம் டார்க் கிரீன், டார்க் எர்த் என்ற பச்சை-பழுப்பு ஜோடி. அதன் பிறகு டார்க் கிரீன், ஓஷன் கிரே. அடிப்பக்கம்தான் ஆளைக் குழப்பும். தொடக்கத்தில் இடது இறக்கையின் அடி கருப்பு, வலது வெள்ளை. 1940 ஜூனில் அடிப்பக்கம் முழுக்க 'ஸ்கை' என்ற வெளிர்பச்சைச் சாயல் நிறம் ஆனது. அப்போது இறக்கையின் அடியில் வட்டம் கிடையாது, ஆகஸ்ட்டில்தான் திரும்பி வந்தது. நவம்பர் கடைசியில் இடது இறக்கையின் அடி மறுபடி கருப்பாகி, 1941 ஏப்ரல் வரை அப்படியே இருந்தது. வாலுக்கு முன்னால் வரும் 18 அங்குல ஸ்கை பட்டையும் ஸ்கை நிற ஸ்பின்னரும் (மூக்கில் புரொப்பல்லரின் நடுக்கூம்பு) அதே 1940 நவம்பர் கடைசியில் வந்தவை. ஆகவே 'பிரிட்டன் போர்' (1940 ஜூலை-அக்டோபர்) விமானம் என்று சொல்லி, வாலில் ஸ்கை பட்டை போட்டிருந்தால் அதுதான் உங்கள் உறுத்தல்.

1941 ஆகஸ்ட்டில் சாம்பல் திட்டம் வந்தபோது அடிப்பக்கம் மீடியம் சீ கிரே ஆனது, இறக்கையின் வெளிப்பாதி முன்விளிம்பில் மஞ்சள் கோடு ஏறியது, உடலில் இருந்த குறியெழுத்துகள் மீடியம் சீ கிரேயிலிருந்து ஸ்கைக்கு மாறின. பச்சை-பழுப்பு விமானத்தில் ஸ்கை எழுத்தும், பச்சை-சாம்பல் விமானத்தில் சாம்பல் எழுத்தும் கண்டால் புகைப்படத்தை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். மாறும் வாரங்களில் கலப்பு நடந்ததுண்டு. ஆனால் அதற்குப் புகைப்படச் சாட்சி வேண்டும், 'இருந்திருக்கலாம்' என்ற ஊகம் போதாது.

மஞ்சள் வளையம் தடித்தோ மெலிந்தோ தெரிகிறது

இது அளவுகோல் எடுத்து ஒரு நிமிடத்தில் தீர்க்கும் கோளாறு. 1940 மே முதல் 1942 நடு வரை உடலின் பக்கவாட்டில் இருந்தது ஏ1 வகை ரவுண்டல், அதாவது வட்டச் சின்னம். நாலு வளையமும் சம அடுக்கு: சிவப்பு 5 அங்குலம், வெள்ளை 15, நீலம் 25, மஞ்சள் 35. 1/48-இல் விட்டம் 2.6, 7.9, 13.2, 18.5 மி.மீ. மஞ்சள் வளையத்தின் தடிமன் மட்டும் 2.6 மி.மீ. வரும்.

1942 மே உத்தரவுக்குப் பின் வந்தது சி1. சிவப்பு 12, வெள்ளை 16, நீலம் 32, மஞ்சள் 36 அங்குலம். அதாவது 6.4, 8.5, 16.9, 19 மி.மீ. வெள்ளையும் மஞ்சளும் ஒவ்வொன்றும் 1 மி.மீ. கோடாகச் சுருங்கிவிடும். தூரத்திலிருந்து கண்ணில் படாமலிருக்கத்தான் வெளிர் நிறங்களை ஒடுக்கினார்கள். வாலில் இருக்கும் பட்டைச் சின்னமும் அப்போதே மாறியது: முன்பு 27 அங்குல உயரம், 24 அகலம், மூன்று நிறமும் 8 அங்குலம். பின்பு 24-க்கு 24, அதில் சிவப்பு 11, வெள்ளை 2, நீலம் 11. சிவப்பு எப்போதும் விமானத்தின் மூக்குப் பக்கம். வலப்பக்க டீகாலை (நீரில் நனைத்து ஒட்டும் சின்னப் படலம்) இடப்பக்கம் ஒட்டி இதைத் தலைகீழாக்குபவர்கள் இன்னும் உண்டு.

இறக்கையின் மேல்பக்கத்தில் வெள்ளையும் மஞ்சளும் கிடையாது, பி வகை: நீலம் 56 அங்குலம், சிவப்பு அதில் ஐந்தில் இரண்டு பங்கு. 1/48-இல் 29.6-க்கு 11.9 மி.மீ. அங்கே சி1 கண்டால் 1945 ஜனவரிக்குப் பிந்தைய ஐரோப்பா, தரைப்படைக்குத் துணையாகப் பறந்த இரண்டாவது டாக்டிக்கல் விமானப்படை என்று பொருள். அந்த விமானங்களில் வாலுக்கு முன்னாலுள்ள ஸ்கை பட்டையை அழித்து, ஸ்பின்னரைக் கருப்பாக்கியிருப்பார்கள். மூன்றையும் சேர்த்தே செய்யுங்கள்.

ஒரு விதிவிலக்கு. 1940 மேயில் மஞ்சள் வளையம் வந்தபோது, ஏற்கனவே வரைந்திருந்த வட்டத்தைச் சுற்றித் தூரிகையால் மஞ்சள் பூசிக்கொண்டார்கள். அந்தக் கோடை விமானங்களில் மஞ்சள் மெலிந்தும், அளவுக்கு மீறிப் பெருத்தும் இருக்கும். அங்கே அட்டவணையை மூடிவிட்டுப் படத்தைத்தான் நம்ப வேண்டும்.

புகைப்படத்தில் மஞ்சள் வளையமே இல்லை

இருக்கிறது, கருப்பாக இருக்கிறது. அந்தக் கால ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிம் சிவப்பையும் மஞ்சளையும் சரியாக உணராது. நீலத்தை மட்டும் அளவுக்கு மீறி உணரும். விளைவு: மஞ்சள் கிட்டத்தட்ட டார்க் கிரீன் அளவுக்கு இருண்டு, பின்னணியோடு கரைந்துவிடும். நீலம் வெளிறி வெளிர்சாம்பல் ஆகும். இறக்கை முன்விளிம்பின் மஞ்சள் கோடும் இதே காரணத்தால் காணாமல் போகும். 'இந்த விமானத்தில் மஞ்சள் பூசவில்லை' என்று பலர் முடிவு கட்டுவது இங்கேதான்.

எந்த பிலிம் என்று கண்டுபிடிக்க வால் சின்னத்தைப் பாருங்கள். சிவப்பு கருகி, நீலம் அதைவிட நன்றாக வெளிறியிருந்தால் ஆர்த்தோ. சிவப்பும் நீலமும் ஏறக்குறைய ஒரே இருட்டில் இருந்தால் பான்குரோமாட்டிக். அதில் மஞ்சள் பளிச்சென்று வெளிறித் தெரியும். இந்தச் சோதனையைச் செய்யாமல் கருப்பு-வெள்ளைப் படத்தை வைத்து நிறத்தைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லக் கூடாது.

வண்ணப்படம் கிடைத்தாலும் எச்சரிக்கை வேண்டும். இன்று பறக்கும் விமானங்கள் பலவற்றுக்கு இக்காலத்துப் பளபளப்பான பெயின்ட். மழையையும் எண்ணெயையும் தாங்கவும், துடைக்க எளிதாகவும் அப்படிச் செய்கிறார்கள். அவற்றின் வடிவத்தை நம்புங்கள். மினுக்கத்தையும் அடர்த்தியையும் நம்ப வேண்டாம்.

ஸ்கை பச்சையடிக்கிறது, அல்லது நீலமடிக்கிறது

ஸ்கை என்ற பெயரே ஏமாற்றும், அது வான நீலம் இல்லை. வெள்ளையில் மஞ்சள் காவியும் துளி பிரஷ்யன் நீலமும் சேர்த்துக் குழைத்த நிறம். ஓர் ஓரமாகப் பார்த்தால் வெளிர்பச்சை, இன்னோர் ஓரமாகப் பார்த்தால் அழுக்கேறிய தந்தம். பிஎஸ் 381சி என்ற பிரிட்டிஷ் தர நிற அட்டையில் எண் 210.

டாமியா நிறுவனத்தின் ஸ்கை பெயின்டான எக்ஸ்எஃப்-21-ஐ அப்படியே அடித்தால் பச்சையும் மஞ்சளும் தூக்கலாக வரும். சிறிய கிண்ணத்தில் வெள்ளையை எடுத்து, அதில் எக்ஸ்எஃப்-21-ஐக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் வெள்ளை பிளாஸ்டிக் கரண்டியில் தடவிக் காயவிட்டுப் பாருங்கள். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம். மிஸ்டர் கலர் நிறுவனத்தின் ஸ்கை, எண் 368, பெரும்பாலும் திருத்தம் கேட்காது.

நீலமடித்தால் தப்பென்று உடனே சொல்லிவிடவும் முடியாது. 1940 ஜூனில் உத்தரவு வந்தபோது ஸ்கை பெயின்ட் போதிய அளவு இல்லை. தளங்களில் கையில் கிடைத்ததைக் கலந்து அடித்தார்கள், நீலச்சாயல் கொண்டவையும் பறந்தன. 1940 ஜூன், ஜூலை விமானமானால் விட்டுவிடலாம். 1941-இன் வால்பட்டை நீலமடித்தால் திருத்துங்கள்.

'ஸ்கை டைப் எஸ்' என்று குப்பியில் பார்த்து, அது வேறு நிறமோ என்று தேடாதீர்கள். எஸ் என்பது வழவழப்பான பூச்சு வகையைக் குறிக்கும் எழுத்து, நிறத்தின் பெயரில் அதற்கு இடமில்லை.

ஓஷன் கிரே நீலமாகத் தெரிகிறது, பச்சையோடு கலந்து மங்குகிறது

ஓஷன் கிரேயில் லேசான நீலச்சாயல் இயல்பு. அளவு மீறினால் மூன்று இடத்தில் தேடுங்கள்.

விளக்கு முதலில். மஞ்சள் எல்.இ.டி. வெளிச்சத்தில் கலந்த சாம்பலைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் நீலம் எட்டிப் பார்க்கும். நேர்வெயில் படாத ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் முடிவெடுங்கள்.

அடுத்து வெள்ளை. சின்ன மாடலில் நிறம் இருட்டாகத் தெரியும் என்று வெள்ளை சேர்ப்பது வழக்கம். வெள்ளை எந்தச் சாம்பலையும் நீலப்பக்கம் தள்ளும், பச்சையைப் புதினாச் சட்னி ஆக்கும். வெளிறச் செய்ய வேண்டுமென்றால் சாம்பலுக்கு மீடியம் சீ கிரேயையும், பச்சைக்கு டெக் டேன் போன்ற மணல் நிறத்தையும் சேர்க்க வேண்டும். பத்துக்கு ஒரு பங்கு போதும். 1/32-இல் அதுவும் தேவையில்லை.

மூன்றாவது, 1941-இன் 'மிக்ஸ்டு கிரே'. சாம்பல் திட்டம் வந்த வேளையில் ஓஷன் கிரே கையிருப்பு இல்லாத தளங்களுக்கு ஒரு செய்முறை கொடுத்தார்கள்: ஏழு பங்கு மீடியம் சீ கிரே, ஒரு பங்கு கருப்பு. அதில் நீலம் குறைவு, ஈயச் சாம்பல். 1941 இலையுதிர் காலத்து விமானத்துக்கு இதுதான் பொருத்தம். டாமியா எக்ஸ்எஃப்-83 (மீடியம் சீ கிரே) ஏழு துளி, மேட் கருப்பு ஒரு துளி எடுத்துக் கலந்து பாருங்கள், எக்ஸ்எஃப்-82-ஐவிட (ஓஷன் கிரே) வெயிலில் நன்றாக நிற்கும்.

பச்சைக்கு எக்ஸ்எஃப்-81 அல்லது மிஸ்டர் கலர் 361. ஹம்ப்ரோல் 30-ஐ 'டார்க் கிரீன்' என்று எடுத்தவர்களுக்கு நீலப்பச்சை வந்திருக்கும், அதைவிட 163 மேல்.

சிவப்பு பொம்மைக் கார் போல ஜொலிக்கிறது

போர்க்கால ரவுண்டலின் சிவப்பு மங்கிய செங்கல் நிறம், நீலமும் அப்படியே மங்கியது. பழைய கிட்டுகளின் டீகாலில் போருக்கு முந்தைய பளிச் நிறங்களே அச்சாகியிருக்கும். டீகால் ஒட்டி, வார்னிஷ் அடித்த பிறகு, மிக நீர்த்த செம்பழுப்பை ஏர்பிரஷில் ஒரு மெல்லிய வீச்சு விட்டால் பாதி அடங்கும். வெள்ளை வளையத்தை மறைத்துக்கொண்டு அடியுங்கள், இல்லையென்றால் டீத்தண்ணீர் சிந்தியது போலாகும். நன்றாக வர வேண்டுமென்றால் டீகாலை விட்டுவிட்டு வட்ட மாஸ்க் வெட்டிப் பெயின்டிலேயே அடிப்பதுதான் வழி: எக்ஸ்எஃப்-7 (சிவப்பு) மூன்று பங்கு, எக்ஸ்எஃப்-64 (செம்பழுப்பு) ஒரு பங்கில் தொடங்கிக் கண்ணால் சரிசெய்யுங்கள். முதலில் மஞ்சள் வட்டம் முழுதாக, அதன் மேல் நீலம், பிறகு வெள்ளை, கடைசியில் சிவப்பு. மஞ்சளுக்கு அடியில் வெள்ளை அல்லது வெளிர் இளஞ்சிவப்பு பூச்சு இல்லாவிட்டால் அடியிலுள்ள பச்சை ஊடுருவி, மஞ்சள் பித்தம் பிடித்தது போலத் தெரியும்.

டீகாலைச் சுற்றி வெள்ளிப் படலம்

டீகாலுக்கு அடியில் காற்று. மேட் பெயின்டின் மேற்பரப்பு உப்புத்தாள் போலச் சொரசொரப்பு, அந்தக் குழிகளில் காற்று தங்கி ஒளியைத் திருப்புகிறது. ஒட்டுவதற்கு முன் எக்ஸ்-22 போன்ற கிளாஸ் வார்னிஷ் இரண்டு மெல்லிய கோட் அடித்து ஒரு நாள் காயவிட வேண்டும். ஏற்கனவே ஒட்டிவிட்டீர்களா? வெள்ளி தெரியும் இடத்தில் மெல்லிய ஊசியால் ஐந்தாறு குத்து, மேலே டீகாலை இளக்கும் மைக்ரோ சால் திரவம் ஒரு சொட்டு. டீகால் சுருங்கி நெளியும். அப்போது விரலால் தொடாதீர்கள், தானாகப் படியும். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு முறை. மூன்று முறைக்குமேல் போனால் டீகால் கரையும்.

டீகாலின் வெள்ளை மஞ்சளாகிப் போயிருந்தால் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் ஒரு வாரம் ஒட்டி வையுங்கள்.

பச்சைக்கும் பழுப்புக்கும் நடுவே புகைமூட்டம்

தொழிற்சாலையில் விளிம்புகள் பெரும்பாலும் இறுக்கமாகவே வந்தன. சூப்பர்மரீனில் ரப்பர் விரிப்புகளை மேலே விரித்து அடித்தார்கள். உங்கள் மாடலில் விளிம்பு 2 மி.மீ. பரவியிருந்தால் நிஜத்தில் அது நாலு அங்குலம், ஒரு கையகலம்.

பழுப்பை முழுக்க அடியுங்கள். இரண்டு நாள் கழித்து, புளூ-டாக் என்ற ஒட்டும் களிமத்தைக் கயிறாக 2 மி.மீ. தடிமனில் உருட்டி, கோட்டின் மேல் வளைத்து வையுங்கள். அதற்குப் பின்னால் மாஸ்கிங் டேப். ஏர்பிரஷை மேற்பரப்புக்குச் செங்குத்தாகப் பிடித்து, 12 முதல் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் பெயின்ட் கயிற்றுக்கடியில் நுழைந்து நிழல் போலப் பரவும், கோளாறின் மூலமே அதுதான். டாமியா அக்ரிலிக்கானால் பெயின்ட் 4, தின்னர் 6.

பெயின்ட் தூள்போல் விழுந்து சொரசொரவென்றிருந்தால் காற்றிலேயே காய்ந்துவிட்டது. நெருங்கி அடியுங்கள், தின்னரைக் கூட்டுங்கள், வெயில் காலத்தில் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் இரண்டு மூன்று துளி விடுங்கள். லாக்கர் அடித்து மேலே வெண்புகை படர்ந்தால் காற்றின் ஈரம் காரணம். மழைக்காலத்தில் மெதுவாகக் காயவிடும் லெவலிங் தின்னர் இல்லாமல் லாக்கரைத் தொட வேண்டாம்.

படையெடுப்புப் பட்டைகள் ஒட்டுத்தாள் மாதிரி இருக்கின்றன

நார்மண்டி தரையிறக்கத்துக்கு ஓரிரு நாள் முன்புதான் இறக்கையிலும் உடலிலும் கருப்பு-வெள்ளைப் பட்டை பூச உத்தரவு தளங்களுக்கு வந்தது. கிடைத்த தூரிகை, துடைப்பம் எல்லாம் கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகப் பூசினார்கள். ஒற்றை எஞ்சினுக்கு ஒரு பட்டை 18 அங்குலம், வெள்ளை மூன்று, கருப்பு இரண்டு, வெளி ஓரம் இரண்டும் வெள்ளை. 1/48-இல் பட்டை 9.5 மி.மீ., ஐந்தும் சேர்த்து 47.6 மி.மீ. முதலில் 47.6 மி.மீ. முழுவதும் வெள்ளை அடித்து, கருப்புக்கு மட்டும் மாஸ்க் செய்யுங்கள். மாஸ்கிங் டேப்பின் ஒரு ஓரத்தைக் கத்தியால் தொட்டுத் தொட்டு அரை மி.மீ. நெளியவிட்டால் கை வேலையின் தோற்றம் வரும். வெள்ளையை ஒரே கெட்டிப் பூச்சாக அடிக்காமல், அடியில் உருமறைப்பு கொஞ்சம் தெரிய விடுங்கள்.

இறக்கையின் மேல்பக்கப் பட்டைகள் 1944 ஜூலையில் அழிக்கப்பட்டன. ஆகஸ்ட், செப்டம்பர் விமானத்தில் அடிப்பக்கம் மட்டும் போதும்.

கிழக்கு விமானத்தில் சிவப்பு இருக்கலாமா

1942 ஏப்ரல் 5-இல் கொழும்பைக் காக்க ரத்மலானையிலிருந்தும் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் கிளம்பிய ஹரிக்கேன்களுக்கும், 9-ஆம் தேதி திருகோணமலை சீனக்குடாவில் இருந்த 261-ஆம் படைப்பிரிவின் ஹரிக்கேன்களுக்கும் சிவப்பு மையம் உண்டு. அவற்றில் இரட்டை நீல வட்டம் போட்டால் தேதி முந்திவிடும். ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழம்பாமலிருக்க அந்த ஆண்டு நடுவில்தான் சிவப்பை நீக்கத் தொடங்கினார்கள். வெளிர்நீல மையத்தோடு கருநீல வட்டம் அதற்கும் பிறகு. போர் விமானங்களில் அதன் அளவு 16 அங்குலம், மாடலில் 8.5 மி.மீ. தான், ஐரோப்பிய வட்டத்தின் பாதிகூட இல்லை. 1944-இல் இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் பறந்த இந்திய விமானப்படை 1-ஆம் படைப்பிரிவின் ஹரிக்கேன்களுக்கும் இந்த இரட்டை நீலமே. இங்கே ஹரிக்கேன்களில் பச்சை-பழுப்பு நீடித்தது, ஓஷன் கிரே அடித்துவிடாதீர்கள்.

இறக்கையிலும் வாலிலும் வரும் அடையாளப் பட்டைகள் 1945 வாக்கில்: உருமறைப்பு பூசிய விமானத்துக்கு வெள்ளை, வெற்று உலோக விமானத்துக்குக் கருநிறம்.

ஹரிக்கேனின் பின்பக்கத்தில் வெள்ளிக் கீறல்கள்

விமானி அறைக்குப் பின்னால் ஹரிக்கேனின் உடல் மரச்சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய துணி. துணியில் பெயின்ட் உதிர்ந்தால் வெள்ளி தெரியாது, அடியிலுள்ள செம்பழுப்பு டோப் (துணியை இறுக்கப் பூசும் பூச்சு) தெரியும், இல்லையென்றால் வெறும் அழுக்குத்தான் படியும். ஸ்பிட்ஃபயரில் வாலின் அசையும் பகுதிகளான ரடர், எலிவேட்டர் இரண்டும் துணி, தொடக்க வகைகளில் இறக்கை ஓரத்தில் அசையும் எய்லரானும் துணி. வெள்ளி உதிர்வை எஞ்சின் மூடியின் திருகுகள், இறக்கை வேரில் மெக்கானிக் ஏறி நிற்கும் இடம், துப்பாக்கிக் குண்டுப் பெட்டியின் மூடிகள் ஆகியவற்றோடு நிறுத்துங்கள். தப்பான இடத்தில் ஏற்கனவே வெள்ளி போட்டுவிட்டால், அதே உருமறைப்பு நிறத்தை இன்னும் நீர்த்து, 0 நம்பர் தூரிகையால் புள்ளி புள்ளியாக மூடி, மேலே மேட் வார்னிஷ் ஒரு வீச்சு விடுங்கள்.